அடிபட்ட ஊர் ஒண்ணு, ஓட வேண்டிய ஊர் ஒண்ணு

1/
"சார், வலி சுத்தமா இல்ல. நாளையிலிருந்து ஓடலாமா?"

விளாத்திகுளம் பக்கம் அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்திருக்கிற எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. கேட்கிறவங்க மாரத்தான் மெடல் சேர்க்கிறவங்க இல்ல. போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகிற கரிசக்காட்டுப் பிள்ளைங்க. இதே கேள்விக்கு நான் எனக்கே ஒரு தடவை தப்பா பதில் சொல்லிக்கிட்டேன். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/
ரெண்டு வருஷம் முன்னாடி சென்னையில ஒரு கல்யாணம் முடிச்சுட்டு ராத்திரி பஸ்ல திரும்பினேன். விடியக்காலை நாலரை மணி, எட்டயபுரம். தூக்கக் கலக்கம். ஒரு கையில டிராவல் பேக், இன்னொரு கையில தாம்பூலப் பை. பஸ் முழுசா நிக்கிறதுக்கு முன்னாடியே இறங்கிட்டேன். கால் பாதி தார்லயும் பாதி மண்ணுலயும் விழுந்து, பாதம் உள்பக்கமா மடங்கிருச்சு. தப்பு முழுக்க என்னோடது. டிரைவர் மேல ஒரு குறையும் இல்ல.

3/
வலியோட உட்கார்ந்தாலும் டாக்டர் மூளை வேலை செஞ்சுது. கணுக்கால் பிசகுனா எக்ஸ்ரே தேவையான்னு முடிவு பண்ண, கனடாவுல 1992-ல வகுத்த 'ஒட்டாவா விதிகள்' இருக்கு. ரெண்டு பக்கக் கணுக்கால் எலும்பின் பின்விளிம்புல அல்லது நுனியில அழுத்தினா வலிக்குதா? பாதத்தின் வெளிப்பக்கம் சுண்டுவிரலுக்கு நேரா இருக்கிற எலும்பின் அடியிலயோ, உள்பக்க வளைவின் மேல இருக்கிற எலும்புலயோ வலிக்குதா? நாலு அடி வைக்க முடியலையா? இதுல ஒண்ணு இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கணும்.

எனக்கு எதுவும் இல்ல. நொண்டிக்கிட்டே நாலு அடி வெச்சேன். எலும்பு தப்பிச்சுது, வெளிப்பக்க லிகமென்ட் கிழிஞ்சிருக்கு. இதுவரைக்கும் நான் பண்ணினது சரி.

4/
தப்பு பன்னிரண்டாவது நாள் நடந்தது. வீக்கம் வடிஞ்சிருச்சு, நடந்தா வலி இல்ல. பங்குனி மாசக் காலையில ஷூவை மாட்டிக்கிட்டு கண்மாய்க்கரைக்குக் கிளம்பிட்டேன். முதல் கிலோமீட்டர் சொர்க்கம். ரெண்டாவது கிலோமீட்டர்ல கரிசல் வெடிப்பு ஒண்ணுல அதே கால், அதே பக்கம் மடங்கிருச்சு. முதல் தடவையை விட மோசமா. மறுபடி ஒழுங்கா ஓட மூணரை மாசம் ஆச்சு.

நம்ம மண்ணு தெரியும்ல. மழையில ஷூவுக்கு அரைக்கிலோ அப்பிக்கும், வெயில்ல கால் நுழையிற அளவு வாய் பிளக்கும். ஆனா வெடிப்பைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நல்ல கால் அதே வெடிப்புல மாட்டியிருந்தா சமாளிச்சிருக்கும்.

5/
ஏன் சமாளிக்கல?

அடிபட்ட உடம்புல மூணு கடிகாரம் ஓடுது. வலிக்கு ஒண்ணு, அது வேகமா ஓடும். ரெண்டு மூணு வாரத்துல "எல்லாம் சரி"ன்னு சொல்லிரும். மூச்சுக்கும் தசைக்கும் ஒண்ணு, அது சில வாரங்கள்ல இருந்து ரெண்டு மூணு மாசம். லிகமென்டுக்கும் எலும்புக்கும் ஒண்ணு, அது ரொம்ப மெதுவா ஓடும். கிழிஞ்ச லிகமென்ட் பழைய உறுதிக்கு வர மாசக்கணக்கு ஆகும். சில பேருக்கு ஒரு வருஷம் வரைக்கும் போகும். நாம எல்லாரும் பார்க்கிறது முதல் கடிகாரத்தை மட்டும்.

6/
இன்னொண்ணு. லிகமென்ட் வெறும் கயிறு இல்ல. "பாதம் இப்ப இந்தப் பக்கம் சாயுது"ன்னு மூளைக்குத் தகவல் அனுப்புற நரம்பு முனைகள் அதுல இருக்கு. கயிறு கிழியும்போது தந்திக்கம்பியும் சேர்ந்து அறுந்து போகுது.

சோதிச்சுப் பாருங்க. ஒரு கையைச் சுவர் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி, நல்ல கால்ல மட்டும் நில்லுங்க. அப்புறம் அடிபட்ட கால்ல. வலியே இல்லாத கால் தென்னங்கீத்து மாதிரி ஆடும். அந்தக் காலோடதான் நான் கண்மாய்க்கரைக்குப் போனேன்.

7/
ஓட்டம்ங்கிறது வேகமான நடை இல்ல. நடக்கும்போது எப்பவும் ஒரு கால் தரையில இருக்கும். ஓடும்போது ரெண்டும் காத்துல இருந்து, ஒத்தைக் கால்ல வந்து விழுறோம். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல ரெண்டிலிருந்து மூணு மடங்கு விசை.

60 கிலோ பையன் 1,500 மீட்டர் ஓடுறான்னு வைங்க. சுமார் 1,300 அடி. ஒரு காலுக்கு 650. ஒவ்வொண்ணுலயும் ஏறக்குறைய 150 கிலோ. வலி இல்லாம வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்துட்டேன்ங்கிறது இதுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

8/
1,500 மீட்டர் கணக்கைச் சும்மா எடுக்கல. தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிஷம் 30 விநாடியில. 7 நிமிஷம்னா ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 விநாடி வேகம். மானாவாரி நிலத்துல உளுந்தும் பாசியும் மழையை நம்பிக் கிடக்க, மூட்டம் போட்டு கரி வித்துப் பிழைக்கிற வீட்டுல, அந்த 7 நிமிஷம் ஒரு குடும்பத்தோட அடுத்த முப்பது வருஷம்.

9/
அப்படி ஒருத்தன் வந்தான். அடையாளம் தெரியாம மாத்திச் சொல்றேன். திருப்பூர்ல கம்பெனி வேலை, காலையில கிரவுண்டுல பயிற்சி. ஊருக்கு நண்பனோட பைக்ல வர்றப்ப வழியில சறுக்கி விழுந்துட்டான். வழியில ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே, முறிவு இல்ல, கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு என்கிட்ட வந்தான். எக்ஸ்ரே பிலிம் பைக்காரன்கிட்ட இருக்கு. சீட்டு மழையில நனைஞ்சு போச்சு.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? டைக்ளோபினாக், பேன்டோபிரசோல், கால்சியம், 'ரெஸ்ட்'. ஒன்றரை நிமிஷத்துல அடுத்த ஆள்.

10/
மறுபடி ரெண்டு வாரம் கழிச்சு வந்தான். "சார், ஒன்பது நாள்ல பிசிக்கல். அன்னைக்குக் காலையில போட்டுக்க ஒரு வலி ஊசி எழுதிக் குடுங்க."

ஒத்தைக் கால்ல குதிக்கச் சொன்னேன். மூணாவது குதியில சுவரைப் பிடிச்சான். "தம்பி, வேண்டாம்பா"ன்னேன். "இதை விட்டா அடுத்த அறிவிப்பு எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"னு கேட்டான். எனக்குத் தெரியல. ஊசி எழுதல. வேற எங்கயோ போட்டுக்கிட்டு ஓடியிருக்கான். "மூணாவது சுத்துல உட்கார்ந்துட்டேன் சார்"னு திரும்பி வந்து நின்னான். கணுக்கால் பூசணி மாதிரி.

11/
கூட வந்த அவங்க அம்மா கோபப்படல. மெதுவா ஒண்ணு கேட்டாங்க.

"மாத்திரைக்குச் சீட்டு குடுக்கீக. ஓடுறதுக்கும் ஒரு சீட்டு குடுத்திருந்தா அதைப் பார்த்துச் செஞ்சிருப்பானேய்யா."

அந்த அம்மா கேட்டதுதான் இந்த த்ரெட். மீதியெல்லாம் விளக்கம்.

12/
இந்தப் பகுதி ஆட்களுக்கு அடிபடுறது பெரும்பாலும் வெளியூர்ல, இல்லன்னா வழியில. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை, சிவகாசின்னு பிழைப்பு. அதுக்கு நடுவுல பஸ்ஸும் பைக்கும். அடிபட்ட ஊர் டாக்டர் கட்டுப் போட்டு "உங்க ஊர்ல காட்டிக்கோங்க"ம்பார். சொந்த ஊர் டாக்டர், அதாவது நான், "அங்க என்ன பண்ணாங்கன்னு தெரியல, ரெஸ்ட் எடுங்க"ம்பேன். காயத்துக்கு ரெண்டு டாக்டர். திரும்ப ஓடுறதுக்கு ஒருத்தரும் இல்ல.

13/
நம்ம மாநிலம் விபத்துச் சிகிச்சையில நல்ல காரியம் பண்ணியிருக்கு, அதை மறைக்கக் கூடாது. 2021 டிசம்பர் 18-ல மேல்மருவத்தூர்ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரரா இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாட்டியும். தொடங்கும்போதே ஒருத்தருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரைன்னு வெச்சாங்க.

முதல் 48 மணி நேரத்துக்குக் கணக்கு இருக்கு. அடுத்த 48 வாரத்துக்கு?

14/
இதோட மதிப்பு தெரியணும்னா மாரியப்பன் தங்கவேலுவை நினைச்சுக்கோங்க. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. அஞ்சு வயசுல ஸ்கூலுக்குப் போற வழியில பஸ் ஏறி வலது கால் நசுங்கிப் போச்சு. காய்கறி வித்த அம்மா மூணு லட்சம் கடன் வாங்கி வைத்தியம் பார்த்தாங்க. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டி தங்கம். அப்புறம் டோக்கியோவுல வெள்ளி, பாரிசுல வெண்கலம்.

அவரைத் தாண்ட வெச்சது வெறும் மன உறுதி மட்டும் இல்ல. இருக்கிற காலை வெச்சு எப்படின்னு சொல்லிக்குடுத்த ஆட்கள் அமைஞ்சாங்க. எத்தனை பேருக்கு அப்படி அமையும்?

15/
இன்னொருத்தர். மா. சுப்பிரமணியன், 2021-ல நம்ம துறை அமைச்சரா பொறுப்பேத்தவர். (துறைங்கிறதால புகழ்றேன்னு நினைக்காதீங்க, வேற விஷயத்துக்காகச் சொல்றேன்.) 2004-ல சாலை விபத்துல முழங்கால்ல பலத்த காயம். அப்புறம்தான் ஓட்டக்காரர் ஆனார். நூறுக்கும் மேல அரை மாரத்தான், அதாவது ஒவ்வொண்ணும் 21.1 கிலோமீட்டர்.

எல்லாரும் அந்த நூறைப் பேசுறாங்க. நான் விபத்துக்கும் முதல் பந்தயத்துக்கும் நடுவுல கிடக்கிற வருஷங்களைப் பார்க்கிறேன். திரும்ப ஓடினவங்க கதையில நடுப்பக்கங்களை யாரும் படிக்கிறதில்ல. மருத்துவம் அங்கதான் இருக்கு.

16/
"ரெஸ்ட்" எழுதுறது ஏன் போதாது?

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, தூக்கி வைக்கிறதுன்னு நாங்க படிச்ச பாடத்தை 1978-ல பிரபலமாக்கினவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். பல வருஷம் கழிச்சு அவரே, ஐசும் முழு ஓய்வும் குணமாகிறதைத் தாமதப்படுத்தலாம்னு தன் கருத்தை மாத்திக்கிட்டார். முதல் ரெண்டு மூணு நாள் காலைக் காப்பாத்துங்க, அது சரி. அதுக்கப்புறம் தாங்குற அளவு பாரம் குடுத்தாதான் புது நார் சரியான திசையில பின்னும். சும்மா கிடக்கிற கால்ல வலியும் குறையும், பலமும் குறையும்.

17/
இனி அந்த அம்மா கேட்ட சீட்டு. இப்ப நான் எழுதிக் குடுக்கிறது இதுதான். கணுக்கால் பிசகு, தசைப்பிடிப்பு மாதிரி முறிவில்லாத காயத்துக்கு மட்டும். எலும்பு முறிவோ ஆபரேஷனோ ஆகியிருந்தா, எலும்பு டாக்டர் "கூடிருச்சு, பாரம் குடுக்கலாம்"னு சொல்ற நாள்தான் உங்க முதல் நாள். அதுக்கு முன்னாடி இதைத் தொடாதீங்க.

18/
ஓடுறதுக்கு முன்னாடி நாலு பரீட்சை:

• 30 நிமிஷம் வேகமா நடந்தா வலியோ நொண்டலோ இருக்கக் கூடாது.
• அடிபட்ட கால்ல மட்டும் 30 விநாடி ஆடாம நிக்கணும்.
• ஒத்தைக் கால்ல குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும். நல்ல கால் 20 செஞ்சா இது 18-ஆவது செய்யணும்.
• ஒத்தைக் கால்ல பத்து தடவை குதிக்கணும், வலி இல்லாம, சுவரைப் பிடிக்காம.

ஒண்ணுல பெயில் ஆனாலும் ஓட்டம் இல்ல. பெயில் ஆன பரீட்சையே அன்னையப் பயிற்சி. பல் தேய்க்கிறப்ப ஒத்தைக் கால்ல நிக்கிறதுக்கு ஜிம் தேவையில்ல.

19/
நாலும் பாஸ்னா, ஒருநாள் விட்டு ஒருநாள்:

முதல் வாரம்: 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. எட்டு தடவை.
ரெண்டாவது வாரம்: 2 ஓட்டம், 2 நடை. எட்டு தடவை.
மூணாவது வாரம்: 4 ஓட்டம், 1 நடை. அஞ்சு தடவை.
நாலாவது வாரம்: 8 ஓட்டம், 1 நடை. மூணு தடவை.

அப்புறம் 25 நிமிஷம் நிக்காம மெதுவா. அது சுலபமான பிறகுதான் ஸ்டாப்வாட்ச். தூரம், வேகம் ரெண்டையும் ஒரே வாரத்துல கூட்டாதீங்க.

20/
வலியை எப்படிப் படிக்கிறது? பத்துக்கு மார்க் போடுங்க. ஓடும்போது 3 வரைக்கும் பரவாயில்ல, ஆனா மறுநாள் காலையில படுக்கையில இருந்து இறங்கி வைக்கிற முதல் அடியில பழைய நிலைக்கு வந்திருக்கணும். வந்திருந்தா அடுத்த படி. கூடியிருந்தா ஒரு படி கீழே. வீங்கினா ரெண்டு நாள் ஓட்டத்தை நிறுத்திட்டு நடை.

மாத்திரை போட்டுக்கிட்டு இந்த மார்க்கைப் போடாதீங்க. அது பரீட்சைப் பேப்பரை மூடி வெச்சுட்டு பாஸ்னு சொல்ற மாதிரி. போதாததுக்கு, நம்ம ஊர் வெயில்ல தண்ணி வத்தின உடம்போட வலி ஊசி போட்டு ஓடினா கிட்னியும் அடி வாங்கும்.

21/
எங்க ஓடுறது? ஆரம்ப வாரங்கள்ல கரிசல் காடு, கண்மாய்க்கரை வேண்டாம். சமமான பள்ளிக்கூட மைதானம், இல்லன்னா வண்டி குறைஞ்ச தார் ரோடு. ரோட்டோட நடு உசந்து ஓரம் சரிஞ்சிருக்கும். ஒரே ஓரத்துல ஓடினா ஒரு கணுக்கால் எப்பவும் சரிவுலதான் விழும். அதனால முடிஞ்ச அளவு சமமான இடத்தைப் பாருங்க. வண்டி வர்ற திசையைப் பார்த்து ஓடுங்க. விடியுறதுக்கு முன்னாடின்னா வெளிர் நிறச் சட்டை. சீமைக்கருவேல முள் ஷூவைத் தாண்டி ஏறும், ஓரத்தை நம்பாதீங்க.

22/
பயணத்துல அடிபட்டா அன்னைக்கே செய்ய வேண்டியது:

மெட்டி, கொலுசு, மோதிரத்தை உடனே கழட்டுங்க. வீங்கின பிறகு வெட்டித்தான் எடுக்கணும். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். தோல் சிராய்ச்சிருந்தா டிடி ஊசி. கட்டு யார் போட்டாலும் விரல் நீலமாவோ, மரத்தோ, தாங்க முடியாத வலியாவோ இருந்தா அந்த நிமிஷமே அவிழ்த்துட்டு ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே, சீட்டு, ஊசி விவரம் எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுங்க. பிலிம் நண்பன்கிட்ட இருந்தா எனக்குப் பிரயோஜனம் இல்ல.

23/
மாவுக்கட்டோட ராத்திரி முழுக்கப் பஸ்ல வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அசையாத கால்ல ரத்தம் உறையலாம். வழியில விரலை அசைச்சுக்கிட்டே இருங்க, தண்ணி குடிங்க. கெண்டைக்கால் திடீர்னு வீங்கி, சூடாகி வலிச்சா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ 108. "கட்டுன்னா வலிக்கத்தானே செய்யும்"னு வீட்டுல இருந்துராதீங்க.

24/
"150 பேர் நிக்கிற ஓபியில இதெல்லாம் நடக்குமா?"ன்னு சக டாக்டர்கள் கேட்பீங்க. நியாயம். நானும் அதைச் சொல்லித்தான் ஒன்றரை நிமிஷத்துல அந்தப் பையனை அனுப்பினேன். ஆனா பதினெட்டும் பத்தொன்பதும் ஒரு பக்கத்துல அடங்கும். ஜெராக்ஸ் எடுத்து வெச்சா நீட்ட பத்து விநாடி போதும். அவன் பத்து நாளும் ஊசியும் அடுத்த வருஷமும் இழந்தது எந்தப் பத்து விநாடிக்காக?

25/
அரசுகிட்ட நான் கேட்கிறது மூணு.

ஒண்ணு: எலும்பு, மூட்டுக் காயத்துக்கான டிஸ்சார்ஜ் சீட்டுல 'எப்ப நடக்கலாம், எப்ப பாரம் தூக்கலாம், எப்ப ஓடலாம்'னு அச்சடிச்ச மூணு வரி.
ரெண்டு: 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போறாங்க. பெரும்பாலும் பக்கவாதம், முதியவர்கள். அதே ஏற்பாட்டுல விபத்துல இருந்து தேறுறவங்களுக்கும் வாரத்துல ஒரு நாள்.
மூணு: விபத்துச் சிகிச்சைக்குப் பிறகு ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் ஒரு போன். எந்த ஊர்ல கட்டுப் போட்டாலும், எந்த ஊர்ல இருந்தாலும்.

26/
அந்தப் பையன் இப்ப சீட்டுப்படி மூணாவது வாரத்துல இருக்கான். அடுத்த தேர்வு எப்பன்னு இன்னும் தெரியாது. நான் காலையில ஓடுறப்ப சில நாள் எதிர்ல வருவான். நாலு நிமிஷம் முடிஞ்சதும் நடந்துருவான், கூட இருக்கிற பசங்க கிண்டல் பண்ணினாலும். போன வாரம் அவனைத் தாண்டிப் போனப்ப, "சார், நீங்க எத்தனாவது வாரம்?"னு கேட்டான்.

வலி போயிருச்சான்னு மட்டும் கேட்காதீங்க. உங்க டாக்டர்கிட்ட "ஓடுறதுக்கு ஒரு சீட்டு குடுங்க"ன்னு கேளுங்க. கேட்டாதான் நாங்க எழுதப் பழகுவோம்.

வெளியூர்ல வேலை பார்க்கிற உங்க தம்பி தங்கச்சிக்கு இதை அனுப்பி வைங்க.